சிவப்புப் பூ வந்த பின்

அக்கா பிறந்தது வடமராட்சியில், வாழ்ந்தது கண்டாவளையில். முன்னதில் அவரை யாரும் கேட்கவில்லை. பின்னதை அவரே முடிவு செய்தார். ஓராண்டு நினைவஞ்சலி எழுதும்போது பிடிவாதத்தைப் பொறுமை என்று மாற்றி எழுதுவது வழக்கம். அதை அக்கா விரும்பமாட்டார்.

கண்டாவளைக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்தபின் முதற் போகம் வெள்ளத்தோடு போயிற்று. ஊருக்கே திரும்பிவிடலாம் என்றார் அத்தான். திரும்பினால் காணி கைவிட்டுப் போகும் என்பதை, மாவட்டக் கச்சேரியில் காணிப் பிரிவில் வேலை பார்த்த நான் விதிகளோடு விளக்கினேன். ஒருவரும் கேட்கவில்லை. குளக்கட்டுப் பிள்ளையாரிடம் பூக்கட்டிப் பார்ப்பதென்று தீர்மானமாயிற்று. இருப்பதற்கு வெள்ளைப் பூ, போவதற்குச் சிவப்பு. இரண்டையும் ஒரே அளவான வாழையிலைத் துண்டுகளில் பொதிந்து பிள்ளையாரின் காலடியில் வைத்தார்கள். அரசாங்க ஒப்பந்தங்களுக்கான கேள்விப் பத்திரங்கள்கூட அத்தனை ஒழுங்காக மூடப்பட்டதை நான் கண்டதில்லை.

அத்தான் எடுத்த பொதியில் சிவப்புப் பூ இருந்தது.

“இஞ்சேரும், போகத்தான் சொல்லுறார்,” என்றார்.

“அவர் தன்ரை விருப்பத்தைச் சொல்லிப்போட்டார். விதைநெல்லு ஊறப்போட்டிருக்கு எண்டு அவருக்கு ஆர் சொன்னது?” என்றார் அக்கா.

“சாமியோடை பகிடி விடாதையும்!”

“பகிடியில்லையப்பா. புத்தியைத் தந்தவர், அதைப் பாவிச்சாக் கோவிப்பாரே?”

மறுநாள் விதைத்தார்கள்.

அதன்பின் மாடு செத்தாலும் வேலி சரிந்தாலும் அத்தானுக்கு அந்தச் சிவப்புப் பூவே நினைவுக்கு வரும். நெல் நன்றாக விளைந்தால் மட்டும் அது மறந்துபோகும். “விளைச்சல் பிள்ளையார் தந்தது, வேலி நான் விழுத்தினதோ?” என்று கேட்டபடியே, முதற் கதிர்களை அக்கா அந்தப் பிள்ளையாருக்கே கொண்டுபோவார்.

கடவுள் உண்டா, நமக்கென்று ஒரு விருப்பம் உண்டா என்று ஓய்வுபெற்றபின் நானும் நிறையப் படித்தேன். சொற்கேளாமலும் ஒருவரிடம் பக்தியாயிருக்கலாம் என்பதை எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை. அக்காவிடம் அதைக் கண்டேன்.

கடைசி நோயின்போது அத்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “சுகம் வருமோ எண்டு பூக்கட்டிப் பாக்கட்டே?”

“ஓம், கட்டுங்கோ. ரெண்டிலையும் வெள்ளையை வையுங்கோ. அந்த மனுசனைத் திரும்பவும் சங்கடப்படுத்தாதையுங்கோ.”

அத்தான் அப்படியே செய்தார். வாழ்நாளில் அவர் செய்த ஒரே முறைகேடு அதுதான். இருவரும் அன்று வெகுநேரம் சிரித்தார்கள். சில நாட்களில் அக்கா நித்திரையிலேயே போய்விட்டார்.

வைத்தியரிடம் கொண்டுபோக வண்டில் தந்த அயலவர்க்கும், செத்தவீட்டில் எங்கள் குசினியில் சமையலைப் பொறுப்பேற்ற பெண்களுக்கும், விசுவமடுவிலிருந்து வந்து துணைநின்ற உறவினர்க்கும் நன்றி சொல்கிறோம். பிள்ளையாருக்கும் சொல்கிறோம். வெள்ளைப் பூவைக் கண்டும் அவர் தம் விருப்பப்படியே நடந்தார். அக்கா அதற்குக் கோவித்திருக்கமாட்டார். முன்பு அக்கா தம் விருப்பப்படி நடந்தபோது பிள்ளையாரும் கோவிக்கவில்லை.