ஷாம்பு போட்ட குட்டி

மாட்டுப்பொங்கலன்று சங்கராபுரத்துப் பக்கம் எங்கள் வீட்டில் குளிக்காமல் தப்பிக்கும் உயிர் கிடையாது. அந்த வருஷம் சென்னையிலிருந்து வந்திருந்த சித்தப்பா, பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகளில் சின்னதைப் பிடித்து, ஒரு பாக்கெட் ஷாம்புவை முழுதாகப் பிதுக்கிக் குளிப்பாட்டினார். மல்லிகை வாசம் தெருவரை போனது. மாட்டுக் கொம்புக்கு வண்ணம் பூசுகிற அவசரத்தில் யாரும் தடுக்கவில்லை. பெரிய குட்டி வைக்கோல்போருக்குப் பின்னால் ஓடித் தப்பியது.

குளித்த குட்டி பால் குடிக்கப் போனது. தாய் ஆடு அதன் வாலடியை முகர்ந்து பார்த்து, முட்டித் தள்ளியது. எத்தனை முறை போனாலும் முட்டுதான். நேற்றுவரை நக்கி நக்கி வளர்த்த தாய், யார் பெற்ற பிள்ளையோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. புட்டிப்பாலுக்குக் குட்டி வாயே திறக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் கத்தத் தெம்பில்லாமல் என் பாவாடைமேல் சுருண்டுவிட்டது. செத்துப்போகும் என்று அழுதேன். சித்தப்பாவோ கண்பட்டுவிட்டது என்று மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டார்.

கழனியிலிருந்து வந்த பெரியம்மா குட்டியைத் தூக்கி மோந்து பார்த்தார்.

"கண்ணும் இல்ல, ஒன்னும் இல்ல தம்பி. ஆடு வாசனய வச்சிதான் புள்ளய கண்டுபுடிக்குது. நீ இன்னா பண்ணி வச்சிருக்க?"

ஆட்டைக் கட்டிப்போட்டு, அதன் பாலையே உள்ளங்கையில் பீச்சி, குட்டியின் முதுகிலும் வாலிலும் பூசினார். பெரிய குட்டியோடு சேர்த்து உரசினார். ஆட்டின் பின்னங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இரண்டு குட்டிகளையும் ஆளுக்கொரு காம்பில் விட்டார். பெரியம்மாவின் மகன், என்னைவிடச் சில மாதமே மூத்த அண்ணன், ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"காம்பு ரெண்டு இருக்குது. யாருக்கும் கம்மி ஆவாது," என்றார் பெரியம்மா.

"எனக்குக் கம்மி ஆச்சே," என்று அண்ணன் என்னைப் பார்த்தான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகாய் நெடி என்று நினைத்தேன். அண்ணன் தலையை விட்டதும் ஆடு திரும்பி, சின்னக் குட்டியின் வாலை வெகுநேரம் முகர்ந்து, நக்கத் தொடங்கியது.

எனக்கு மகள் பிறந்தபோதுதான் அம்மா சொன்னார். நான் பிறந்ததும் அவர் காய்ச்சலோடு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கிடக்க, கைக்குழந்தைக்காரியான பெரியம்மாதான் ஒரு பக்கம் அண்ணனுக்கும் மறுபக்கம் எனக்கும் பால் கொடுத்திருக்கிறார். இந்த உடம்பு அவர் போட்ட பிச்சை. மகளுக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

அந்த மாட்டுப்பொங்கல் இரவுச் சாப்பாட்டில் அண்ணன் வழக்கம்போல, "என் பங்கக் குடிச்சவதான நீ," என்று என் இலையிலிருந்த வடையை எடுத்துக்கொண்டான். அதன் அர்த்தம் அப்போது தெரியாமல் நான் அழுதுகொண்டே பெரியம்மாவிடம் போய்ப் புகார் சொன்னேன். அவர் தன் இலையிலிருந்த வடையை எடுத்து எனக்குக் கொடுத்தார். அதையும் தின்றேன்.