முழுக்கை

அனலடிக்கும் மத்தியானத்திலும் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் தையல்காரர் துணியைத் தொடுவார். கடைத்தெரு அவருக்கு வைத்த பெயர் முழுக்கை. "என்ன முழுக்கை, குளிருதா?" என்று பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் தினமும் கேட்பார். "உங்க வியாபாரத்தைப் பார்த்தாலே நடுங்குதுண்ணே" என்பார் இவர்.

அளவெடுப்பதும் தனி ரகம். எண்ணே எழுதமாட்டார். ஆளுக்கொரு காகித நாடா. மார்பு, இடுப்பு, தோள் என்று ஓரத்தில் கத்தரியால் சின்னச் சின்னதாக வெட்டி ஆணியில் மாட்டிவிடுவார். ஏதோ பெரிய தொழில் நுணுக்கம் என்று வாடிக்கையாளர்கள் மெச்சிக்கொள்கிறார்கள். முப்பத்தெட்டு என்று காதில் விழுந்தது எழுதுவதற்குள் எண்பத்து மூன்றாகிவிடும் என்பது அவருக்கும் கத்தரிக்கும் மட்டுமே தெரியும். பள்ளிக்கூடத்தில் அதற்காக வாங்கிய அடி கொஞ்சமல்ல.

சட்டைக்குள்ளே, கை நெடுக, டீ சிந்திக் காய்ந்தாற்போலப் பழுப்புத் திட்டுகள். பிறவியிலேயே வந்தவை. கல்யாணமான புதிதில் மனைவி கேட்டதற்கு, "இஸ்திரிப் பெட்டி சுட்டது" என்று சொல்லிவைத்தார். அவள் நம்பி, எண்ணெய்கூடத் தடவிவிட்டாள்.

எட்டு வயது மகளுக்கும் அதே திட்டுகள். அவள் இஸ்திரிப் பெட்டி பக்கமே போனதில்லை. காலையில் படித்த வாய்ப்பாடு சாயங்காலம் அவளிடம் இருக்காது. "வயித்துல இருந்தப்ப நான் முழுங்கின காய்ச்சல் மாத்திரைதான் பிள்ளையை இப்படி ஆக்கிடுச்சு" என்று மனைவி அழாத நாளில்லை. இவர் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பார். அழுகை கூடினால் மிதி வேகமாகும்.

போன வாரம் டாக்டரம்மா மகளின் கையிலிருந்த திட்டுகளை ஸ்கேல் வைத்து அளந்தார். "மூளை நரம்புல குட்டிக் குட்டிக் கதவுங்க இருக்கு, உப்புத் துகள் போய்வர. இவளுக்கு ஒரு மரபணுக் கோளாறால அது சரியாத் திறக்கல. அதான் படிச்சது தங்கமாட்டேங்குது. இந்தத் திட்டும் அதே கோளாறோட அடையாளம்தான்."

"காஜா சின்னதாப் போச்சு, பொத்தான் நுழையலன்னு சொல்லுங்க" என்றார் தையல்காரர்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அப்படியே வச்சுக்குங்க. இது அப்பா அம்மாகிட்டருந்து வரலாம். உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது இந்தத் திட்டு உண்டா?"

மனைவி முந்திக்கொண்டாள். "அவருக்கு இருக்கறது இஸ்திரி சுட்ட தழும்புங்க. குறை என் வயித்துலதான். மாத்திரை முழுங்கினவ நான்தானே."

தையல்காரர் பழக்கப்படி மணிக்கட்டுப் பொத்தானைத் தடவினார். பிறகு கழற்றினார். சட்டைக் கையை மடித்து மடித்துத் தோள்வரை ஏற்றி, மேசைமேல் மகளின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார். மனைவி பக்கம் திரும்பாமல், ஸ்கேலை எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினார்.