கழனியில் மீன் பிடித்த போட்டோ

ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகத் தண்ணீர் விழும் சத்தம் எங்கள் வீட்டுக் கூடம் வரை கேட்கும். கூடவே சேறும் பாசியும் மீனும் கலந்த ஒரு பச்சை வாசனை வரும்... அன்று பள்ளிக்கூடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். வாத்தியார்கள் உட்பட.

கலங்கலுக்குக் கீழே இருந்தது தரணி வீட்டுப் பள்ளத்துக் கழனி. ஏரி நிரம்பினால் முதலில் மூழ்குவது அதுதான். இடுப்பளவு தண்ணீரில் ஊரே இறங்கி, பழைய புடவையிலும் கொசுவலையிலும் மீன் பிடிக்கும். தரணி வீட்டார் சமணர்கள். மீனைத் தொட மாட்டார்கள். ஆனாலும் அவன் வருவான். எங்கள் எல்லோருடைய சட்டைகளையும் தலையில் சுமந்துகொண்டு, தன் கழனியில் நின்று தானே வேடிக்கை பார்ப்பான்.

"தரணி கழனிலதான்டா கெண்ட நல்லா வெளையுது!" என்று கத்துவோம். அவனும் சிரிப்பான்.

ஏதோ கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்திருந்த காஞ்சிபுரத்து ஸ்டுடியோ பாய் ஒரு தடவை அதைப் போட்டோ எடுத்தார். பழைய போட்டோ இருந்தால் போடுங்கள் என்று இந்த குரூப்பில் கேட்டீர்களே... அந்த ஒரு போட்டோவின் கதைதான் இது.

நான் ஒரு தனியார் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கப் போனேன். தரணி விவசாயத்தோடு ஊரிலேயே இருந்துவிட்டான். ஊருக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து, கோயில் கல்வெட்டு, தறி வீடுகள், ஏரி மதகுகள் என்று ஒவ்வொன்றாக ஏற்றினோம்.

கல்வெட்டுப் பக்கத்துக்கு நான் மாதக்கணக்கில் உழைத்தேன். எவனும் சீந்தவில்லை. மீன் போட்டோவுக்கு மட்டும் மஸ்கட், பெங்களூர் என்று எங்கெங்கிருந்தோ கமெண்ட் கொட்டியது.

"டேய், லுங்கி அவுந்துக்கினு ஓடறது நான்தான்டா!"

"தலையில துணி மூட்டையோட நிக்கறது யாருபா, ஜவுளிக் கடையா?"

"தரணிடா அது. நெல்லு போச்சேன்னு துணி யாவாரத்துல எறங்கிட்டான்."

இதைப் படித்துவிட்டு, பிரவுசிங் சென்டர்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குத் தரணி சிரித்தான்.

பிறகு சாலை அகலமானது. ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்தன. தரணி வீட்டுப் பள்ளத்துக் கழனியையும் மனைகளாகப் பிரித்து, மஞ்சள் கல் நட்டு, கலர் கொடி கட்டி, ஏதோ ஒரு நகர் என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு நாள் தரணி வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"அந்த போட்டோவ எடுத்துடுபா."

"எந்த போட்டோ?"

"தெரியாத மாதிரி கேக்காத. கலங்கலுக்குக் கீழ, பள்ளத்துக் கழனின்னு எடத்தோட பேரு வேற போட்டு வெச்சிக்கிற. நேத்து ஒரு பார்ட்டி அத போன்ல காட்டி, இந்த எடமா சார்னு கேக்குது. குடுத்த அட்வான்ஸ வாங்கிக்கினு பூட்டான்."

"நடந்ததுதான தரணி? பொய்யா போட்டுட்டேன்?"

அவன் முகம் மாறியது. "அந்தக் கழனில எங்கப்பா அறுத்தத விட அழுததுதான் ஜாஸ்தி. நீங்கல்லாம் மீனு புடிச்சீங்க. என் பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணணும்பா."

"வாங்கறவனுக்கும் பொண்ணு இருக்கும்" என்றேன்.

போய்விட்டான். அடுத்த வாரம் போட்டோ இல்லை. பாஸ்வேர்டும் மாறியிருந்தது. பழைய பாஸ்வேர்டு எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

டீக்கடையில் எல்லோரும் அவன் பக்கம். எனக்குக் கேட்கட்டும் என்றே பேசினார்கள்.

"வாத்தியாருக்கு வயித்தெரிச்சல்பா. விக்கறதுக்கு ஒரு சென்ட் கூட கெடையாது, அதான்."

கமெண்ட் போட்டுக் கும்மாளமடித்தவர்களில் ஒருவன்கூட எனக்காகப் பேசவில்லை. முகம் முகமாக நினைவு வைத்திருக்கிறேன்.

ஹோஸ்டிங் என் பெயரில் இருந்தது. அலைந்து திரிந்து சைட்டைத் திரும்பக் கைக்குக் கொண்டுவருவதற்குள் மனைகள் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டன. போட்டோவை மறுபடி ஏற்றினேன். அதே பக்கத்தில், அதே குறிப்போடு.

போன ஐப்பசியில் ஏரி நிரம்பியது.

மழை விட்டபின் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கழுத்தில் கம்பெனி அட்டை, பேண்டில் முட்டிவரை சேறு. அந்த நகரில் வீடு கட்டிக் குடிவந்தவர்.

"சார், இந்த வெப்சைட் நீங்கதான நடத்தறீங்க? எடம் வாங்கறதுக்கு முன்னாடி ஃபுல்லா படிச்சேன் சார். அந்தக் கல்வெட்டு மேட்டர் கூட. நல்ல ஊரு, ஏரி இருக்குது, தண்ணிக் கஷ்டம் வராதுன்னு ஒய்ஃப்கிட்ட சொன்னேன்."

அவர் படித்தபோது அந்த போட்டோ மட்டும் அங்கே இல்லை.

நடந்ததை எல்லாம் சொன்னேன். போட்டோவை அப்போது யார் நீக்கியது, எதற்காக நீக்கியது... அதையெல்லாம் கேட்கும் நிலையில் அவர் இல்லை. போனை நீட்டினார். திரையில், இப்போது நான் திரும்ப ஏற்றியிருந்த அந்த போட்டோ.

கேஸ் போடப் போகிறார் என்று நினைத்தேன். ஒரிஜினல் பிரிண்ட் என்னிடம் இருக்கிறது, எந்தக் கோர்ட்டுக்கு வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றேன். இத்தனை வருடம் நான் காத்திருந்தது இதற்காகத்தான் என்றுகூடத் தோன்றியது.

"அதெல்லாம் வேணாம் சார். இத எடுத்துடுங்க, ப்ளீஸ். நானும் யார்கிட்டயாவது வித்துட்டுப் போவணும்."

போட்டோ இன்னும் சைட்டில்தான் இருக்கிறது. அவரும் அடிக்கடி கூப்பிடுகிறார்... ரொம்ப மரியாதையாக.

அன்றெல்லாம் வானம் கறுத்தால் ஊருக்கே ஒரே ஆசைதான். ஏரி நிரம்பணும். கழனியைப் பறிகொடுக்கிற தரணி வீட்டார்கூட அதை வேண்டாம் என்று சொல்லிக் கேட்டதில்லை.

இப்போது நாலு தூறல் போட்டாலே கீழே இருக்கிற வீடுகளில் பிரிட்ஜையும் பீரோவையும் செங்கல் மேல் தூக்கி வைக்கிறார்கள். பயிர் வைத்தவர்கள் இன்னும் பெய்யட்டும் என்கிறார்கள். நான் ஜன்னலோரம் நிற்கிறேன். பெய் என்று சொல்லவும் வாய் வரவில்லை... நில் என்று சொல்லவும் வரவில்லை.