போன் உறையில் திரும்பிய எழுத்து

என் பேத்தியின் போனுக்கு ஒரு வெள்ளை உறை இருந்தது. கோடு, படம் எதுவும் இல்லாதது. அதன் முதுகில் பழைய கேம் மெஷின் ஒன்றை வரைந்து ஒட்டப் போவதாக ஒரு நாள் சொன்னாள். அதன் சின்னத் திரையில் செங்கற்கள் மேலிருந்து விழும். பொத்தானை அமுக்கி அடுக்க வேண்டும். அவள் அப்பா பள்ளியில் படித்தபோது அதைக் கையைவிட்டுக் கீழே வைத்ததில்லை. அதை என் மகனுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். அதனால் பேத்தி என்னோடு உட்கார்ந்துதான் வரைவாள் என்று நினைத்தேன். பொத்தான் மஞ்சளா, சிவப்பா என்று மட்டும் கேட்டாள். மஞ்சள் என்றேன். சரி என்று போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவிநாசியிலிருந்து அவளுடைய அப்புச்சி வந்தார். எங்கள் பக்கத்தில் அம்மாவைப் பெற்றவர் அப்புச்சி. அப்பாவைப் பெற்ற நான் அப்பாரு. அவள் 'அப்புச்சீ' என்று கூப்பிடும்போது கடைசியில் ஓர் இழுப்பு இருக்கும். 'அப்பாரு' என்பது சாப்பாடு ஆறிப் போகிறது என்று சொல்லும்போது வருகிற சொல். எழுபது வயதுக்கு மேல் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கவனித்தேன்.

இருவரும் கூடத்தில் கட்டம் போட்ட தாளை விரித்தார்கள். தாளில் வரைந்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் துணிக்கு மாறிவிடும் கிரேயான்களை அவள் வாங்கி வைத்திருந்தாள். துணிக்கு மகனின் கம்பெனியிலிருந்து வெள்ளை வெட்டுத்துண்டு. அதை அளவாக வெட்டி உறையில் ஒட்டுவது திட்டம்.

"அப்புச்சி, கட்டத்துக்கு வெளிய போறீங்க."

"என்ன கண்ணு பண்றது, வரப்புன்னு இருந்தா பக்கத்துக் காட்டுக்குள்ள கொஞ்சம் போகத்தான் செய்யும்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் செய்தித்தாளில் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்க சம்பந்தி, ஒரு செங்கல்லு கட்டுங்க" என்றார். கண் கூசுகிறது என்று சொல்லி மறுத்தேன்.

முடிந்ததும் பேத்தி தாளை என் மடியில் வைத்தாள். "அப்பாரு, நீங்கதான் க்யூசி. அப்ரூவல் குடுங்க."

பனியன் கம்பெனியில் நான் பார்த்த வேலை அதுதான், தரம் பார்ப்பது. நான் ஓகே என்று எழுதாத சாம்பிள் பிரிண்டிங்குக்குப் போகாது. தாளைப் பார்த்ததுமே தவறு தெரிந்துவிட்டது. திரையில் 'ஆட்டம் ஆரம்பம்' என்று நேராக எழுதியிருந்தாள். தேய்த்து மாற்றுகிற எதையும் தாளில் திருப்பித்தான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் துணியில் கண்ணாடி பிம்பமாக வந்து நிற்கும். திருப்பூரில் இது தெரியாத பிரிண்டிங் பட்டறை இல்லை. எனக்கு நன்றாகவே தெரியும்.

"ஓகே" என்றேன்.

தேய்த்தார்கள். தாளை உரித்தபோது எழுத்து அத்தனையும் திரும்பி நின்றது. பேத்தியின் முகம் சுருங்கியது. சம்பந்தி உடனே, "எம்பட தப்பு கண்ணு, நாந்தான் அவசரப்படுத்திட்டேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்களுக்கே தெரியலீன்னா கண்ணைக் காட்டிரோணுமுங்க சம்பந்தி. முன்னயே கூசுதுன்னீங்க. அசால்ட்டா உடாதீங்க" என்றார்.

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டார். நான் தலையை ஆட்டினேன்.

பேத்தி அந்தத் துணியையே உறையில் ஒட்டிக்கொண்டாள். மறுநாள் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு என்னை ஸ்கூட்டரில் கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். வழியெல்லாம் பேச்சு. "அப்பாரு, நல்லாப் புடிச்சுக்கோங்க. மேடு வருது." காத்திருந்த இடத்தில் என் தோளில் சாய்ந்துகொண்டு போன் பார்த்தாள். நான் இத்தனை நாள் ஏங்கியது அதற்குத்தான். அது கிடைத்தபோது உட்கார முடியவில்லை.

டாக்டர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். கடைசி வரிவரை படித்தேன். "இந்த வயசுக்கு அருமையான பார்வைங்க" என்றார்.

வெளியே வந்ததும் பேத்தி சந்தோஷமாக, "அப்புறம் எப்படி அப்பாரு அதை விட்டீங்க?" என்று கேட்டாள்.

கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

"விடலை கண்ணு. பார்த்தேன். தெரிஞ்சுதான் ஓகே சொன்னேன்."

"எதுக்கு?"

"நீ அப்புச்சியோட சிரிச்சுட்டு இருந்தே."

ஸ்கூட்டர் சாவியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"என்கிட்டச் சொன்னாப் போதுமா? அப்புச்சி நேத்து ராத்திரியே போன் பண்ணி உங்க கண்ணைப் பத்தித்தான் கேட்டாங்க. தப்பெல்லாம் தன்னோடதுன்னு அவங்க நினைச்சுட்டு இருக்காங்க."

அப்புச்சியின் எண்ணை அழுத்தி போனை என்னிடம் நீட்டினாள். காதில் வைத்தேன்.

"சொல்லு கண்ணு, டாக்டரு என்ன சொன்னாரு?"

"பேத்தி இல்லீங்க, நான்தானுங்க சம்பந்தி" என்றேன். "கண்ணுல ஒரு கோளாறும் இல்லீங்களாம்."

"அப்பாடா" என்றார் அவர். அந்த 'அப்பாடா' முடிகிறவரை பொறுத்திருந்து, மீதியைச் சொல்லத் தொடங்கினேன்.