நான் படிக்காமல் விட்ட பத்தி

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். செல்போன் சார்ஜர் கம்பெனியின் பேருந்து, வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகவே தங்கையை எங்கள் குப்பத்தில் இறக்கிவிட்டது. வந்தவள் ஓர் ஆங்கிலக் கடிதத்தை என்னிடம் நீட்டினாள்.

"நீதான் பெரிய படிப்பு படிக்கிறியே. இன்னா போட்டுகீறாங்கன்னு சொல்லுக்கா."

நான் முதுகலை இலக்கியம் படிக்கிறேன். அவள் பன்னிரண்டாம் வகுப்போடு வேலைக்குப் போனவள். புது வலை வாங்குவதா, பழையதையே முடிந்து ஓட்டுவதா என்று நைனா கேட்பது அவளைத்தான். என்னிடம் அவர் கேட்பது, சாப்பிட்டாயா என்று மட்டும். மூன்று ஆண்டுகளாக அவளுடைய நீலச் சீருடை கொடியில் காய்வதைப் பார்க்கும்போதெல்லாம் என்னுள் ஏதோ சுருங்கும். அதற்குப் பொறாமை என்பதைத் தவிர வேறு சொல் இல்லை; தேடியிருக்கிறேன்.

கடிதத்தில் இரண்டு பத்திகள். சார்ஜர் தயாரிப்பு வியட்நாமிலுள்ள ஆலைக்குப் போகிறது என்றது முதலாவது. அது நிரந்தரம், வேறு பிரிவில் சேர விரும்புவோர் புதன்கிழமை நண்பகலுக்குள் எழுதித் தர வேண்டும், இடங்கள் குறைவு என்றது இரண்டாவது. முதல் பத்தியை மட்டும் தமிழில் சொன்னேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் கலங்கவில்லை. எங்கள் ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களுக்குப் பாடு முறை உண்டு. இன்று ஒரு கூட்டம் வலை விடும், நாளை அடுத்த கூட்டம். முறை சுற்றி வரும். இடத்தை விட்டுக் கொடுப்பவர்கள், வலையைக் கிழிக்கும் கட்டை அடியில் எங்கே கிடக்கிறது என்று சொல்லிவிட்டே கரையேறுவார்கள். போன மாதம் வியட்நாமிலிருந்து வேலை பழக வந்த பெண்ணுக்கு, எந்தக் கம்பி எங்கே நழுவும் என்பதுவரை தங்கை அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தாள்.

"இப்ப அவங்க பாடு நைனா. சுத்தி நம்மகிட்ட வரும்."

"வராம எங்க போவும்?" என்றார் நைனா, வலையிலிருந்து தலை நிமிராமல்.

வராது என்று என் கையிலிருந்த தாள் சொன்னது. அதை மடித்து வைத்தேன். அவளும் கொஞ்ச நாள் என்னைப் போல் யாரும் எதுவும் கேட்காத ஆளாக வீட்டில் இருக்கட்டும் என்றிருந்தது.

சற்று நேரத்தில் அந்த வியட்நாம் பெண் வீடியோ காலில் வந்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழிகூடக் கிடையாது. தங்கை விரலால் கம்பி வளைப்பதுபோல் காட்டினாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் விளக்கிய எதற்கும் ஒருவரும் அப்படி முகம் மலர்ந்ததில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவளை எழுப்பி இரண்டாம் பத்தியைச் சொன்னேன்.

"நேத்து இது இல்லியா?"

"இருந்துச்சு."

"நல்லா படிச்சக்கா நீ" என்றாள். பிறகு, "எழுது, டைம் ஆவுது."

ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அவள் கையெழுத்துப் போடவில்லை. அதைப் படம் பிடித்து, நான் எழுதியது சரிதானா என்று தன் சூப்பர்வைசருக்கு அனுப்பினாள். பதில் வரும்வரை பேனாவை நீட்டியபடியே நின்றேன்.