இருபது நிமிடத்தில் அணைந்த கம்ப்யூட்டர்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த மாதங்களில் நான் கள்ளக்குறிச்சியில் டைப்பிங் கடை வைத்திருந்தேன். கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். பக்கத்துக் கடை மாவு மில். ஊரில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு மனு எழுத வேண்டியிருந்த அந்த நாட்களில்தான் கம்ப்யூட்டர் தானாக அணையத் தொடங்கியது.

இருபது நிமிடம் ஓடும். பிறகு திரை கறுத்துவிடும். உடனே போட்டால் இரண்டே நிமிடத்தில் மறுபடி அணையும். மின்சாரத்தில் கோளாறு என்று நினைத்து யூபிஎஸ் மாற்றினேன். ஒயரை மாற்றினேன். ராம் அட்டையைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். சின்னசேலத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். அவர் இருந்த பத்து நிமிடமும் அது ஒழுங்காக ஓடியது. வைரஸ்தான் என்று சொல்லி, அதைக் கொல்லும் மருந்தைப் பென்டிரைவில் கொடுத்துவிட்டுப் போனார். மருந்து பாதி ஏறியபோது அணைந்தது.

ஒதுக்கீடு கேட்பவர்கள் எலவனாசூர்கோட்டைப் பக்கமிருந்து நான்கு பேர் வந்தார்கள். மனுவின் மூன்றாம் பத்தியில் திரை கறுத்தது. அவர்களில் மூத்தவர் என்னைப் பார்த்தார்.

"எங்க மனுன்னா மட்டும் அணையுதா?"

"எல்லாருக்கும் அணையுதுங்க."

"நீங்க இன்னா ஆளுங்க?"

"டைப் அடிக்கிற ஆளுங்க."

அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. மறுநாள் ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் வந்தார்கள். அவர்களுக்கும் அணைந்தது. வேண்டுமென்றே செய்யவில்லை என்று காட்ட, முந்தின நாள் பாதியில் நின்ற மனுவைத் திறந்து காட்டினேன். அது உதவவில்லை. எதிர்த்தரப்பின் மனு என் கம்ப்யூட்டரில் ஏன் இருக்கிறது என்று கேட்டார்கள்.

அந்த வாரத்தில் கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். மகளின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும், அதற்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். மலைக்குத் திரும்பும் பஸ் மூன்று மணிக்கு. பதினொரு மணிக்கு ஆரம்பித்தோம். விண்ணப்பம் இரண்டு முறை பாதியில் போயிற்று. நான் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, திரையைப் பார்க்காமல், கீழே இருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கம் காதைக் கொடுத்து உட்கார்ந்தார். மூன்றாம் முறையும் அணைந்தது.

"தம்பி, உள்ள ஒண்ணு இரைஞ்சிகினே இருந்துது. அது மொதல்ல நின்னுது. அப்பறந்தான் டிவி அணைஞ்சுது."

"ஃபேனுங்க அது."

"எங்கூரு தண்ணி மோட்டாரும் சூடானா நின்னுரும். தொட்டுப் பாரு."

தொட்டேன். கை சுட்டது. மூன்று வாரமாக அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்த நான் அதை ஒரு முறைகூடத் தொட்டுப் பார்த்திருக்கவில்லை. பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். ஃபேன் தெரியவில்லை, அதன் இடத்தில் வெள்ளையாக ஓர் அடை இருந்தது. மாவு. பழைய டூத் பிரஷ்ஷால் அந்தப் பெண்ணும் நானும் மாறி மாறிச் சுரண்டினோம். மீதியை ஊதித் தள்ள மில்காரர் தன் புளோவரைக் கொண்டுவந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இவ்ளோ மாவு எங்கேர்ந்துங்க வந்துது?"

அவர் உண்மையாகவே கேட்டார். அந்தப் பெண் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்.

பெட்டி ஆறும்வரை காத்திருந்து போட்டோம். அணையவில்லை. விண்ணப்பம் ஏறி ரசீது வந்தபோது மணி மூன்றேகால். அடுத்த பஸ்ஸைப் பிடிக்க அவர் நிதானமாக நடந்து போனார். அந்த வாரமே இரு தரப்பு மனுக்களையும் அடித்துக் கொடுத்தேன். யாரும் நன்றி சொல்லவில்லை, சந்தேகப்படவும் இல்லை.

சான்றிதழ் வந்த பிறகு பிரின்ட் எடுக்க மகள் வந்தாள். நானும் மெக்கானிக்கும் கண்டுபிடிக்க முடியாததை உன் அம்மாதான் கண்டுபிடித்தார் என்று சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"வூட்ல ஒண்ணுமே சொல்லலீங்க. பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சுதுன்னு மட்டுந்தான் சொன்னாங்க."