விலகிய காரணம்

பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச எனக்குக் கிடைத்த இடம் பெரட்டுக் களம். விடியும்போதே தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பும் இடம் அது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருடம், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒற்றை வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பேர் கூப்பிட்டு முடிந்ததும் ஐந்து நிமிடம் பேசிக்கொள்ளச் சொன்னார் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு. கம்பளியைப் போர்த்திக்கொண்டு கூடையோடு நின்றவர்களிடம், கையில் பிரம்பு இல்லாமல்தான் வந்திருக்கிறேன் என்று தொடங்கினேன். யாரும் சிரிக்கவில்லை.

ஐந்தாம் வகுப்பு வரை உண்டு, காசு கிடையாது, அரசாங்கத்தில் பதிந்த பள்ளிக்கூடம். காலையில் தமிழும் கணக்கும். நடுவில் பால்மா கரைத்துத் தருவோம். பிறகு பாட்டு, தையல், காய்கறித் தோட்டம். தையலுக்கு ஊசியே இன்னும் வரவில்லை என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். ஒரு முகமும் அசையவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த நாட்களில் தொழிலாளர் குடியிருந்த லயமெங்கும் பிரஜாவுரிமைப் பேச்சுத்தான். இந்தியாவிலிருந்து வந்த வம்சத்தவர்கள் பிரஜையாக வேண்டுமென்றால், இந்த நாட்டிலேயே விடாமல் இருந்தோம் என்று காகிதத்தில் காட்ட வேண்டுமாம். பள்ளிக்கூடப் பெயர்ப் பதிவேடான இடாப்பைச் சொல்லி அந்தப் பயத்தில் கை வைத்தேன்.

“புள்ள பேரு இடாப்புல ஏறிட்டா அது அரசாங்கக் காகிதம். நாளைக்கு யாரு கேட்டாலும், நாங்க இங்கதான் இருந்தோம்னு எடுத்துக் காட்டலாம்.”

கூட்டம் முதல்முறையாக என்னைப் பார்த்தது. கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் முன்னால் வந்தார். புருஷனைச் சாகக் கொடுத்து அதிக நாள் ஆகவில்லை. இடுப்பில் கைக்குழந்தை, பக்கத்தில் ஏழு வயதுப் பெண்.

“அதுல உள்ளத உள்ளபடி எழுதுவீங்களா சார்?”

“என் கையால எழுதுறது. பொய் இருக்காது.”

அன்றைக்கே மகளைச் சேர்த்தார். அந்தப் பெண் கணக்கில் கெட்டி. வாய்ப்பாட்டை எனக்கு முன்னால் சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். சில மாதம்தான். கைக்குழந்தைக்குக் கக்குவான் இருமல் வந்தது. இருமும் பிள்ளையை, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் எடுக்க மாட்டார்கள், மற்றக் குழந்தைகளுக்கு ஒட்டிவிடும். தாய் மலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஆகவே தம்பியைப் பார்த்துக்கொள்ள அந்தப் பெண் பள்ளிக்கூடம் வராமல் வீட்டில் நின்றாள். கக்குவான் போன பிறகும் குழந்தை தேறவில்லை. வருடம் ஒன்று தாண்டியது.

அவர்களுடைய லயம் பள்ளிக்கூடத்துக்குக் கீழேதான் இருந்தது. ஜன்னலில் நின்றால், அந்தப் பெண் தம்பியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நடப்பது தெரியும். தெரிந்தது. பார்த்தேன்.

நீண்ட நாள் வராத பிள்ளையின் பெயரை வெட்ட வேண்டும் என்பது விதி. வெட்டினால், ‘விலகிய காரணம்’ என்று இடாப்பில் ஒரு கட்டம் இருக்கிறது, அதையும் நிரப்ப வேண்டும். வீட்டில் நிற்கிறாள் என்று எழுதினால், நீ ஏன் போய்க் கூட்டி வரவில்லை என்று இன்ஸ்பெக்டர் துருவுவார். அதனால் நாங்கள் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் எழுதுவோம். அயல் தோட்டத்து வாத்தியார்களும் அப்படித்தான். ‘இந்தியா சென்றுவிட்டார்கள்.’ அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அன்று வேறு ஆறேழு பெயர்களோடு அவள் பெயரையும் வெட்டி, அழகான கையெழுத்தில் அதையே எழுதினேன். என் கையெழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

பிறகு அவள் திரும்பி வந்தாள். புதுப் பிள்ளையாகச் சேர்த்துக்கொண்டேன். எழுதியதை மறந்தே போனேன்.

அந்த அம்மாவின் பிரஜாவுரிமை விசாரணை வர வருடங்கள் ஆயின. அதற்குள் மகளும் கூடை தூக்கப் போய்விட்டாள். அழைப்புக் கடிதத்தை நான்தான் வாசித்துச் சொன்னேன். “சார், நீங்க சொன்ன இடாப்பு இருக்குதானே?” என்று கேட்டார். இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். துணியில் சுற்றி நானே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

விசாரித்த அதிகாரி கெட்டவர் அல்ல. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்துப் பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பாளரை வாசிக்கச் சொன்னார். ‘இந்தியா சென்றுவிட்டார்கள்’ என்று அவர் வாசித்தார்.

“நாட்டை விட்டுப் போகவே இல்லை என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதில் குடும்பமே ஒரு வருடத்துக்கு மேல் இந்தியாவில் இருந்ததாக இருக்கிறதே?”

“போகலீங்க. சார்கிட்ட கேளுங்க, அவருக்குத் தெரியும்” என்றார் அந்த அம்மா.

அதிகாரி என்னைப் பார்த்தார். “நீங்கள் எழுதியதா? இது உண்மையா, பொய்யா?”

பொய் என்று சொன்னால் போதும். ஒரே ஒரு சொல். ஆனால் அரசாங்க இடாப்பில் பொய் எழுதிய வாத்தியாருக்கு வேலை இருக்காது, தோட்டம் கொடுத்த வீடும் இருக்காது. இதே இடாப்பை நம்பி இன்னும் பலர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் தயங்கினேன் என்று பிற்பாடு எனக்கு நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன். அந்த நிமிடத்தில் அவர்கள் யாரும் என் நினைவில் இல்லை.

“ஞாபகமில்லை” என்றேன்.

அதிகாரி எழுதிக்கொண்டார். விண்ணப்பம் தள்ளுபடியானது.

திரும்பும் பஸ்ஸில் அந்த அம்மா எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இறங்கும்போது மழை பெய்தது; இடாப்பு நனைந்துவிடும் என்று தன் கம்பளியைக் கழற்றி நீட்டினார். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த தை மாதம் மறுபடியும் பெரட்டுக் களம். தமிழ், கணக்கு, பால், பாட்டு. ஊசி வந்திருந்தது, அதையும் சொன்னேன். இடாப்பைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஐந்து நிமிடம் நீளமாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் அந்த அம்மா வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கக்குவான் பிள்ளை, இப்போது பள்ளிக்கூட வயது. இந்த நாட்டில் இருக்க உரிமை இல்லை என்று ஆகிவிட்ட பிறகும் பிள்ளையைச் சேர்க்க வந்திருந்தார். நான் இடாப்பை விரித்தேன்.

“இவன் வரலைன்னா, வரலைன்னு மட்டும் எழுதுங்க சார்.”

சரி என்றேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் நான் எழுதி முடிக்கும்வரை, என் பேனா முனையையே பார்த்துக்கொண்டு நின்றார்.